பச்சோந்தியின் பேறுகாலம்

"வேலியிலே போகிற ஓணானை எடுத்து மடியிலே விட்டுக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்றானாம்" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. வேண்டாத வம்பைத் தேடிக்கொள்ளுகிறவனைப் பார்த்துச் சொல்லுகிற மொழி அது. அதைச் சொன்னவர் மடியில் விட்டுக்கொண்டவனுடைய துன்பத்தைத்தான் எண்ணிப் பார்த்தார். மடியில் அகப்பட்டுக்கொண்ட பிராணியின் துன்பம் யாது என்று அவர் கேட்கவில்லை. நான் சிறுவனாயிருந்தபோது அவ்வாறு ஒரு பிராணியை மடியில் கட்டிக்கொண்டு வந்தவன். ஆகையால் அதைக் கேட்கும் கடமை எனக்கு உண்டு.

நான் கொண்டுவந்தது ஓணான் அன்று; அதன் பங்காளியாகிய பச்சோந்தி. பச்சை ஓந்தி என்பதே பச்சோந்தி ஆயிற்று. ஆனால் பச்சையாக இருப்பதையெல்லாம் பச்சோந்தி என்று அழைப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. எங்கள் கொங்கு நாட்டில் ஓணானை ஒடக்கான் என்பார்கள். ஒடக்கான் ஆளைக் கண்டதும் விருட்டென்று ஓடிவிடும். பச்சோந்திக்கு ஓட்டமே தெரியாது. ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் முன்னும் பின்னும் நாலு தடவை ஆடும். காற்றில் அசையும் இலையோ என்று நாம் மயங்குவோம். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டு குறடுபோல் கிளையைக் கவ்வும். வால் சுருண்டு மற்றொரு கையாக உதவும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். ஒன்று மேலே பருந்தைப் பார்க்க, மற்றொன்று கீழே வெட்டுக்கிளியைப் பார்க்கும். நாக்கின் நீளமோ ஏறக்குறைய உடலின் நீளம்.

உலகில் இருநூறுக்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவிலே வாழ்கின்றன. நம் இந்தியாவில் இயற்கையாக வாழ்வது ஓர் இனந்தான். 1768ஆம் ஆண்டில் லாரென்டி என்ற வியன்னா நகரத்து அறிஞர் அதற்கு 'கமேலியோ சைலானிகஸ்' என்று பெயர் சூட்டினார். இலங்கைக்கு உரியது என்பது அந்தப் பெயரின் பொருள். இலங்கைப் பெயரை வைத்துக்கொண்டு, நம் காங்கேயத்துக் கிளுவை வேலியிலும் அது தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வருகிறது.

நிறம் மாறும் என்பதற்காக அதை நாம் மிகவும் இழிவாகப் பேசுகிறோம். கட்சி மாறுகிறவர்களுக்கு அதன் பெயரை இட்டுவிட்டோம். உண்மையில் பச்சோந்தி ஏமாற்றுவதற்காகவே நிறம் மாறுவது இல்லை. குளிர்ந்தால் வெயிலை வாங்கிக்கொள்ளக் கறுக்கும், சூடேறினால் வெளுக்கும், அச்சமும் சினமும் அதன் தோலில் எழுதப்படும். அந்தத் தோலில் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்காக இருக்கின்றன என்றும், அவற்றின் இடைவெளி விரிவதாலும் சுருங்குவதாலும் நிறம் மாறுகிறது என்றும், மடகாஸ்கர் இனம் ஒன்றை ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மனத்தில் உள்ளதை மறைக்கத் தெரியாமல் மேனியிலே காட்டிவிடுகிற பிராணி அது. நமக்கு அதைப் படிக்கத்தான் தெரியவில்லை. எனக்குத் தெரியாமற்போன கதையை இப்போது சொல்லுகிறேன்.

1963ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். எனக்கு ஒன்பது வயது. தீபாவளி விடுமுறைக்குக் காங்கேயத்துக்கு அருகில் உள்ள அம்முச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். தாயைப் பெற்றவளை நாங்கள் அம்முச்சி என்போம். அந்தப் பக்கத்தில் கொரங்காடு என்று மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடுகள் அவிழ்த்துவிட்டபடி அங்கே மேயும். அந்த வேலியிலே நான் ஒரு பச்சோந்தியைக் கண்டேன். மற்றப் பிள்ளைகள் ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஒடக்கான் பிடிப்பார்கள்; அதைக் கல்லால் அடிப்பார்கள். நான் அப்படிப்பட்டவன் அல்லன் என்று எனக்கு ஒரு பெருமை. ஆதலால் அதை வேட்டி மடியில் கட்டிக்கொண்டுபோய் வளர்க்கத் தொடங்கினேன்.

கோழியைக் கவிழ்க்கும் பஞ்சாரக் கூடைதான் அதன் வீடு. திண்ணையின் கல் தளத்தில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே ஒரு முருங்கைக் கிளையை நட்டுவைத்தேன். நாள்தோறும் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டேன். முதலில் தின்றது. பிறகு தின்பதை நிறுத்திவிட்டது. வயிறு மட்டும் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டே வந்தது. நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது என்று நான் மகிழ்ந்தேன். நான்காம் நாள் கிளையை விட்டு இறங்கிக் கல் தளத்தை முன்கால்களால் பறண்டத் தொடங்கிற்று. பகலெல்லாம் பறண்டும்; சற்று இருக்கும்; வேறு மூலைக்குப் போய் மறுபடியும் பறண்டும். தப்பிப் போகப் பார்க்கிறது என்று எண்ணிக் கூடையின்மேல் ஒரு கல்லைத் தூக்கிவைத்தேன். மூன்று நாள் இப்படிச் சென்றது. அதன் மேனி கறுத்தது; கண்கள் குழிந்தன. ஏழாம் நாள் காலையில் அது கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தது.

அழுதுகொண்டு அம்முச்சியிடம் எடுத்துப் போனேன். அவள் அதன் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தாள். கொண்டைக்கடலையைத் துணியில் முடிந்தாற்போல உள்ளே உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது. என் விரலையும் பிடித்துத் தடவச் செய்தாள்.

"ஏஞ்சாமி, புள்ளத்தாச்சியக் கொண்டாந்து கல்லு மேல குந்த வெச்சுப்போட்டயே!" என்றாள்.

அவள் வேறொன்றும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வேலி ஓரத்தில் இருவரும் அதைப் புதைத்தோம். அந்த மண்ணை என் கையாலே தோண்டினேன். முந்தின நாள் பெய்த மழையில் அது வெண்ணெய்போல் இருந்தது. என் பச்சோந்தி மூன்று நாள் கல்லிலே தேடியது அந்த மண்ணைத்தான்.

பச்சோந்தியின் வாழ்க்கையில் இது விசித்திரமான பகுதி. பிறந்து மண்ணை விட்டு ஏறியபின் அது கிளையிலே உண்டு, கிளையிலே உறங்கி, இலையில் நிற்கும் நீர்த்துளியைக் குடித்து வாழ்கிறது. ஆனால் முட்டைகளை மட்டும் மண்ணிலே இட வேண்டும். நாயும் கீரியும் உடும்பும் கோழியும் திரிகிற தரைக்கு, ஓடத் தெரியாத உடம்போடு, அதுவும் நிறைவயிற்றோடு, அது இறங்கி வந்தே ஆக வேண்டும். அங்கே ஈரமான, குடைந்தால் சரியாத மண்ணைத் தேடிக் கண்டுபிடித்துச் சுரங்கம் தோண்ட வேண்டும். பத்து முதல் முப்பது வரை முட்டைகள் இடும். ஏற்ற மண் கிடைக்காவிட்டாலும், தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று அஞ்சினாலும் முட்டையிடாமல் அடக்கிக்கொள்ளும். அடக்கிக்கொண்ட முட்டைகளே பிறகு தாயைக் கொன்றுவிடும். என் பஞ்சாரக் கூடையில் நடந்தது இதுதான் என்பதை நான் பள்ளி ஆசிரியனாகிப் பல நூல்களைப் படித்த பிறகே அறிந்துகொண்டேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கோயமுத்தூரிலே பல ஆண்டுகள் இருந்துவிட்டு, அம்முச்சியின் காட்டிலேயே ஒரு சாளையில் குடியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை இரண்டு உழவு பெய்து ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில், ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருத்தி வாசலில் நின்று கூவினாள். "ஏனுங்க வாத்தியாரய்யா, வாசல்ல பச்சோந்தி வருதுங்க. அதும் மூச்சுப் பட்டாலே ஆகாதுங்க. அடிச்சுப்போடுங்க" என்றாள்.

பச்சோந்திக்கு நஞ்சு இல்லை. மூச்சிலும் இல்லை, பல்லிலும் இல்லை. சீறுவதும் உடலை ஊதிக் காட்டுவதும் வெறும் மிரட்டல். இதை நான் அவளுக்குச் சொன்னேன். அவள் நம்பினாளோ இல்லையோ, கோலைத் தாழ்த்தினாள்.

வாசலில் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது ஒரு பெண் பச்சோந்தி. தலை முதல் வால் நுனி வரை ஒரு முழம் இருக்கும். இரண்டு விலாவும் புடைத்திருந்தன. அறுபது ஆண்டுகளுக்கு முன் என் விரலில் பட்ட உருண்டைகள் மறுபடியும் நினைவுக்கு வந்தன. என் பேத்தி ஓடிவந்து, "தாத்தா, இதை வீட்டிலே வளர்க்கலாமா?" என்று கேட்டாள். அவளுக்கும் ஒன்பது வயது.

கூடாது என்றேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பச்சோந்திக்குக் காவல் தந்திருக்கிறது. அதைப் பிடிப்பதும் அடைத்து வைப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் சட்டத்தைச் சொல்லிக் குழந்தையின் ஆசையை அடக்க முடியுமா? ஆகவே, "வளர்க்க வேண்டாம், பிரசவம் பார்க்கலாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

நாங்கள் பார்த்த பிரசவம் இதுதான். நாயைப் பின்பக்கத்தில் கட்டினோம். கோழிகளைப் பிடித்து அடைத்தோம். ஆட்டை வேறு பக்கம் ஓட்டச் சொன்னோம். கொல்லைச் செடிகளின் இலைமேல் தண்ணீர் தெளித்துவிட்டு, இருபது அடிக்கு அப்பால் சாளையின் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்தோம்.

பச்சோந்தி வேலி ஓரத்தில் ஓரிடத்தைப் பறண்டிப் பார்த்தது. கல் தட்டியது போலும், விட்டுவிட்டது. இரண்டாம் இடத்தில் தலை மறையும் அளவு தோண்டிற்று. அந்தச் சமயத்தில் பேத்தி பொறுக்கமாட்டாமல் வெளியே ஓடிப் பத்தடி தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். பச்சோந்தி உடனே வெளியே வந்தது, மேனி கறுத்தது, அரை நேரம் தோண்டிய குழியைத் திரும்பிப் பாராமல் நடந்தது. குழந்தை திரும்பி வந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நான் பார்த்ததற்கே கோபமா?" என்று கேட்டாள். கோபம் அன்று, அச்சம் என்று சொன்னேன்.

உச்சிப்பொழுதில் அது மூன்றாம் இடத்தைத் தேர்ந்துகொண்டது. கிளுவை மரத்தின் அடியில், நிழலும் வெயிலும் கலந்த செம்மண் தரை. முன்கால்களால் தோண்டி மண்ணைப் பின்கால்களால் தள்ளிற்று. பொழுது சாய்வதற்குள் வால் நுனி மட்டுமே வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது. இரவெல்லாம் அது குழிக்குள்ளேயே இருந்தது. நான் விளக்கைக்கூட அந்தப் பக்கம் திருப்பவில்லை.

அன்றிரவுதான் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்தது. மறுநாள் காலையில் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போடுவதற்கு என் மகன் ஏற்பாடு செய்திருந்தான். மண் வாரும் இயந்திரத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

இயந்திரம் எட்டு மணிக்கு வந்து நின்றது. "இரண்டு நாள் பொறுத்து வரச் சொல்லலாமா?" என்று மகனைக் கேட்டேன். "மணிக்கணக்கில் வாடகை அப்பா. இன்றைக்கு விட்டால் அடுத்த மாதந்தான் ஆள் கிடைக்கும். ஓர் ஒடக்கானுக்காக வேலையை நிறுத்துவதா?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கிளுவை வேலியை ஆண்டுதோறும் கழித்துக் கட்டுவதற்கு இப்போது ஆள் கிடைப்பது அரிது.

அப்போது அவனிடம் 1963ஆம் ஆண்டின் கதையைச் சொன்னேன். அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடங்கூடச் சொன்னதில்லை. கூடையின்மேல் கல்லை வைத்தேன் என்ற இடம் வந்தபோது என் குரல் தடுமாறியது. மகன் ஒன்றும் பேசாமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இயந்திரக்காரரை அழைத்து மேற்குக் கோடியிலிருந்து வேலையைத் தொடங்கச் சொன்னான். "இந்தப் பக்கம் நாற்பது அடிக்குக் கிளுவை அப்படியே இருக்கட்டும். எங்களுக்குக் கல்லும் கம்பியும் மிச்சம்" என்றான். தந்தையின் பேச்சுக்கு இணங்கினான் என்று பிறர் சொல்லிவிடக் கூடாதே என்று அவன் கணக்குச் சொன்னதை நான் அறிவேன்.

முற்பகல் பத்து மணிக்குப் பச்சோந்தி வெளியே வந்தது. உடனே போய்விடவில்லை. மண்ணை வாரி வாரிக் குழியை மூடிற்று. காலால் மிதித்து அழுத்திற்று. சருகையும் இழுத்துப் போட்டது. வேலை முடிந்ததும் அங்கே ஒரு குழி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. புடைத்த விலாக்கள் இப்போது தளர்ந்த பைபோல் மடிந்து கிடந்தன. கிளுவையில் ஏறி, நாங்கள் தெளித்திருந்த தண்ணீரைத் துளித் துளியாக நெடுநேரம் குடித்தது. அதன் பிறகு அது தன் முட்டைகளைத் தேடி வரவே இல்லை. பச்சோந்தித் தாயின் கடமை மண்ணை மூடியதோடு முடிந்துவிடுகிறது. மற்றவை மண்ணின் பொறுப்பு.

நேயர்களே, தோண்டி எடுத்து வீட்டிலே வைத்துப் பொரிக்கச் செய்யலாமே என்று சிலருக்குத் தோன்றும். கோழி முட்டையை நாம் அறிவோம். அடைகாக்கும் கோழி அதை அடிக்கடி புரட்டிவிடும். பச்சோந்தி முட்டையின் நியதி வேறு. அதன் ஓடு தோல்போல் மெல்லியது; மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மெல்லப் பருக்கும். உள்ளே வளரும் கரு ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுகிறது. முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடக்கூடும். பொரிக்கப் பல மாதங்கள் ஆகும். வீடு கட்டவோ செடி நடவோ தோண்டும்போது தற்செயலாக இத்தகைய முட்டைகள் வெளிப்பட்டால், மேல்பக்கம் மேலாகவே இருக்குமாறு, உருட்டாமல், அதே ஈரமண்ணால் மூடிவிட வேண்டும். அங்கே விட்டுவைக்கவே முடியாத நிலையானால் வனத்துறையினருக்குச் சொல்ல வேண்டும்.

நிறைவயிற்றுப் பச்சோந்தி சாலையைக் கடக்கக் கண்டால், கையால் பற்றாமல் ஒரு கோலை நீட்டுங்கள். அது கோலைப் பற்றிக்கொள்ளும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துச் செடியிலே விட்டுவிடுங்கள். வந்த பக்கத்திலே விட்டால் மறுபடியும் அது சாலைக்குத்தான் வரும்.

யேமன் முதலிய நாடுகளின் பச்சோந்தியை வீட்டில் வளர்ப்பவர்கள் இந்நாளில் உண்டு. அந்தப் பிராணிகளையும் அரசாங்கத்திடம் முறைப்படி பதிவு செய்ய வேண்டும். அவர்களுக்கு ஒரு சொல். ஆண் துணை இல்லாவிட்டாலும் பெண் பச்சோந்தி முட்டையிடும். ஆகவே எனக்கு இந்தக் கவலை இல்லை என்று இருந்துவிட வேண்டாம். தீனி குறைந்து, வயிறு புடைத்து, ஓயாமல் தரையில் அலைந்தால் காலம் நெருங்கிவிட்டது என்று அறியுங்கள். ஓர் அடி ஆழமாவது உள்ள தொட்டியில், பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரமான மணலும் மண்ணும் நிரப்பி உள்ளே வையுங்கள். கூண்டைத் துணியால் மறைத்துவிட்டு விலகிப் போங்கள். தோண்டிக்கொண்டே இருந்தும் முட்டையிடாமல் கண் குழிந்து சோர்ந்தால், ஒரு நாளும் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நான் செய்த தவற்றை வேறொருவர் செய்ய வேண்டாம்.

எங்கள் வேலியின் கதையை முடித்துவிடுகிறேன். குழி இருந்த இடத்தில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு நாய் கிளறாமல் காத்தோம். பேத்தி நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுழித்துவைத்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முள்ளுக்கு வெளியே நின்று பார்ப்பாள். ஒரு நாளும் கிளறவில்லை. மார்கழி சென்றது; தையும் மாசியும் சென்றன. கோடை வந்து மண் வெடித்தபோது எனக்கு நம்பிக்கை குன்றியது. அவளுக்குக் குன்றவில்லை.

கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அவள் என்னை எழுப்பிக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றாள். மிச்சம் விட்ட அந்த நாற்பது அடிக் கிளுவையில், ஈர்க்குப் போன்ற ஒரு கிளையில், வாலோடு சேர்த்துச் சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு குட்டிப் பச்சோந்தி ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் மற்றொன்று. அவை அந்தத் தாயின் குஞ்சுகள்தாமா என்று கேட்டால் என்னிடம் சாட்சி இல்லை. "வேலிக்கு ஓணான் சாட்சி" என்று பழமொழி சொல்லுவார்கள். இங்கே வேலிதான் சாட்சி.

பேத்தி இருபது அடிக்கு அப்பால் நின்றுகொண்டு, "இன்னும் கிட்டே போக வேண்டாம், தாத்தா" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.